தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை

ரெண்டு கண்ணாடிக் குடுவை. ஒன்றில் கலங்கலான கழிவுநீர். அதில் நாலு சொட்டு பாலிமர் விட்டுக் கலக்கினால், கொஞ்ச நேரத்தில் அழுக்கெல்லாம் திரிதிரியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே பளிங்கு மாதிரி தண்ணீர். பாலிமர் விற்கிறவர்கள் காட்டும் செய்முறை இதுதான். குடுவையில் நடப்பது பொய் இல்லை. அதை வைத்து "கழிவுநீருக்குத் தீர்வு கிடைச்சாச்சு" என்று சொல்வதில்தான் எனக்கு முரண்பாடு.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதன் சூட்சுமம் பாதி தெரிஞ்சதுதான். இங்கே பொம்மை வார்க்கிற களிமண் கரைசலில் கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்ப்பார்கள். களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கு. ஒன்றையொன்று தள்ளிவிடும் அந்த விலக்கத்தை சிலிகேட் கூட்டும். அதனால் குறைந்த தண்ணீரிலேயே கரைசல் கட்டியாகாமல் அச்சுக்குள் ஓடும். கழிவுநீரில் செய்ய வேண்டியது நேர் எதிர் வேலை. படிகாரமோ ஃபெரஸ் சல்பேட்டோ போட்டு விலக்கத்தைத் தணிக்கணும். அப்புறம் பாலிஅக்ரிலமைடு மாதிரியான நீளச் சங்கிலி, பல துகள்களை ஒன்றாகப் பிடித்துக் கட்டும். லிட்டருக்குச் சில மில்லிகிராமே போதும். அளவு மீறினால் பாலிமர் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் போர்த்திவிடும், தண்ணீர் மறுபடி கலங்கிவிடும்.

ஆக, இது மிதக்கிற துகளைத்தான் பிடிக்கும். செராமிக் யூனிட் கழிவில் பெரும்பகுதி களிமண் என்பதால் அங்கே நல்ல பலன் உண்டு. கரைந்த உப்பை இது தொடவே தொடாது.

இந்த வித்தியாசத்துக்குத் திருப்பூர் கொடுத்த விலை பெரிசு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள். அது துணியில் தங்காது, அப்படியே கழிவில் வரும். ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட், பாலிமர் என்ற வழியில் நிறத்தைக் குறைத்தன. உப்பு நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்காக 1990களில் வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. வயலும் போச்சு, வேலையும் போச்சு.

ஆற்றில் விடும் கழிவில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் மாசுக் கட்டுப்பாட்டு விதி. இந்த எண்ணைக் கண்ணால் பார்க்க முடியாது. சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு டெஸ்ட் பாஸ் ஆனதும் "ரிலீஸ் பண்ணிடலாம்"னு சொல்ற மாதிரிதான் இந்தக் குடுவைச் சோதனையை நம்புவது.

இன்னொன்று, குடுவையின் அடி. அங்கே உட்கார்ந்த ஸ்லட்ஜ் எங்கே போகும்? அழுக்கு அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கு. சாயக்கழிவு ஸ்லட்ஜைக் கண்ட இடத்தில் கொட்டினால் மழையில் கரைந்து கிணற்றுக்கே வரும். பாலிஅக்ரிலமைடில் மிஞ்சியிருக்கும் அக்ரிலமைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படுவது. அதனால்தான் குடிநீரில் அது லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம்தான் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாலிமரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கு முன்னால் துகளை எடுத்தே ஆகணும், அங்கே இது உதவும். ஆனா நேர்மின் பாலிமர் கொஞ்சம் மிஞ்சினாலும் ஆர்.ஓ. சவ்வில் படிந்து அடைத்துவிடும்.

அடுத்த முறை யாராவது குடுவையைக் காட்டினால் மூணு கேள்வி கேளுங்க: சோதனைக்கு முன்னும் பின்னும் டி.டி.எஸ். எவ்வளவு? ஆயிரம் லிட்டருக்கு எத்தனை கிலோ ஸ்லட்ஜ்? அதை எடுத்துக்கொண்டு போவது யார், எங்கே?