ஒன்பது பேர் கட்டிய ஒரே கோட்டை

ஒரு செங்கல், ஒரு மின்விசிறி. இவ்விரண்டையும் பயன்படுத்திக் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் செய்யச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இதழைச் சற்றே மூடி வைத்துவிட்டு, தோன்றியதை ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

இதே கேள்வியை அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையில் கேட்டனர். அதன் முடிவுகள் 2024-ஆம் ஆண்டு ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ என்னும் ஆய்விதழில் வெளிவந்தன. சோதனையில் கலந்து கொண்டவர்களுள் ஒரு சாரார் தம் மூளையை மட்டும் நம்பினர்; மற்றொரு சாரார் ‘சாட்ஜிபிடி’ என்னும் உரையாடும் செயற்கை அறிவு நிரலின் துணையை நாடினர். யோசனைகளைத் தனித்தனியே மதிப்பிட்டபோது, நிரலின் துணை பெற்றவையே மேலானவை எனத் தீர்ப்பாயிற்று.

2025-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்த மூவர் அதே விடைகளை மீண்டும் எடுத்துப் பார்த்தனர். இம்முறை அவர்கள் செய்தது எளிய வேலைதான்: ஒவ்வொரு விடையையும் மற்ற விடைகளோடு ஒப்பிட்டனர். ஒருவரையொருவர் அறியாத ஒன்பது பேர் தம் பொம்மைக்கு ஒரே பெயரைச் சூட்டியிருந்தனர்! ‘பில்டு-எ-பிரீஸ் காசில்’ என்பது அப்பெயர். தமிழில் ‘தென்றல் கோட்டை’ எனலாம். நிரலின் துணையோடு பிறந்த யோசனைகளில் 94 விழுக்காடு ஒன்றோடொன்று பொருந்திப் போயின. துணையின்றி எழுதியவர்களின் யோசனைகளோ ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

‘நல்ல யோசனை வேண்டுமா? செயற்கை அறிவைக் கேளுங்கள்’ என்னும் அறிவுரை இன்று மாணவருக்கும் சொல்லப்படுகிறது, புதுத் தொழில் தொடங்குவோருக்கும் சொல்லப்படுகிறது. இது பொய் அன்று. ஆனால் பாதி உண்மை. சொல்லாமல் விட்ட மறுபாதியைத்தான் அந்த ஒன்பது கோட்டைகள் நமக்குக் காட்டுகின்றன.

இது ஏன் நேர்கிறது? ‘தை பிறந்தால்’ என்று நான் தொடங்கினால் நீங்கள் எப்படி முடிப்பீர்கள்? ‘வழி பிறக்கும்’ என்றுதானே? உங்கள் தெருவில் நூறு பேரைக் கேட்டாலும் அதையே சொல்வர். மனிதர் எழுதிக் குவித்த ஏராளமான பக்கங்களிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்னும் நிகழ்தகவை இந்நிரல் கற்றுக் கொண்டிருக்கிறது. விடை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இராதபடி, தாயம் உருட்டுவது போன்ற ஒரு தற்செயலும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் அந்தத் தாயம் எல்லாப் பக்கமும் சமமாக விழுவதில்லை. பலர் நடந்த பாதைப் பக்கமே சாய்ந்து விழும். பெரும்பாலோர் ‘நன்று’ எனச் சொல்லும் விடைகளையே தரும்படி மேலும் பழக்கப்படுத்துவதால் இச்சாய்வு இன்னும் கூடுகிறது. செங்கல் என்றதும் கட்டுவது, கட்டுவது என்றதும் கோட்டை, விசிறி என்றதும் தென்றல். கோட்டை பிறந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிரலுக்கு உரிய பெருமையையும் மறுக்கலாகாது. ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’ எனப்படும் கூட்டுச் சிந்தனை முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்னும் விளம்பரத் துறையினர். பலர் கூடி அமர்ந்து, எவரையும் குறை கூறாமல், வந்த யோசனைகளையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பது அவர் விதி. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தனர். நால்வர் கூடிச் சிந்தித்ததைக் காட்டிலும், நால்வர் தனித்தனியே சிந்தித்து எழுதியவற்றைச் சேர்த்தபோது ஏறத்தாழ இருமடங்கு யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் மூடிக் காத்திருக்க வேண்டியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம் என 1987-இல் இரு உளவியலார் விளக்கினர். செயற்கை அறிவு நிரலிடம் இந்தக் காத்திருப்பு இல்லை. யாரேனும் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சமும் இல்லை. வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவருக்கு இது சிறிய உதவி அன்று.

வார்ட்டன் பள்ளியில் 2023-இல் நடந்த வேறோர் ஆய்வும் இங்குக் குறிப்பிடத்தக்கது. கல்லூரி மாணவருக்கு 50 டாலருக்குள் விற்கக் கூடிய புதுப்பொருள் யோசனைகள் 200-ஐ மாணவர்களும் 200-ஐ ஜிபிடி-4 நிரலும் தந்தன. ‘இதை வாங்குவீர்களா?’ என்று பலரைக் கேட்டுத் தரப்படுத்தியபோது, முதல் 40 இடங்களில் 35-ஐ நிரலே பிடித்தது. இவ்வெற்றியைப் பலரும் எடுத்துக் காட்டுகின்றனர். ஆனால், அதே ஆய்வில் புதுமையை அளந்தபோது மாணவர்களின் யோசனைகளே சற்று முன்னின்றன என்பதை அவர்கள் குறிப்பிடுவதில்லை. பலருக்கும் பிடிப்பது வேறு, எவருக்கும் தோன்றாதது வேறு. கடைத்தெருவில் ஒருவர் மட்டும் அறிந்த யோசனைக்கு விலை உண்டு. அதே கேள்வியைக் கேட்ட அனைவருக்கும் அதே யோசனை கிடைத்திருந்தால் அதற்கு என்ன விலை?

பலர் நினைப்பது போல், ‘நிரல் சொல்வதைப் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சிந்தித்துக் கொள்வேன்’ என்பது அத்தனை எளிதன்று. 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கும்படி சிலரிடம் கூறப்பட்டது. உறிஞ்சு குழல் கூடாது என்பது நிபந்தனை. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மட்டும் குழல் வைத்த மாதிரிப் படம் ஒன்று முன்னதாகக் காட்டப்பட்டது. தெளிவாகத் தடுத்திருந்தும், படத்தைப் பார்த்தவர்களின் வரைபடங்களில் குழல் மீண்டும் மீண்டும் தலை காட்டிற்று! முதலில் கண்ணில் பட்ட யோசனை மனத்தில் அப்படி ஒட்டிக் கொள்கிறது.

ஆகவே முறையைத்தான் மாற்ற வேண்டும். முதலில் நீங்கள் தனியே தாளில் எழுதுங்கள், பத்தாவது,
பன்னிரண்டாவது வரி வரும் வரை விடாதீர்கள். அதன் பிறகே நிரலிடம் செல்லுங்கள். அங்கும் ‘நல்ல யோசனை ஒன்று கூறு’ என்று கேட்பது வீண். முதலில் நூறு யோசனைகளைச் சுருக்கமாகத் தரச் சொல்லி, அடுத்து அவற்றை ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாகத் திருத்தச் சொல்லி, அதன் பின்னரே விரித்து எழுதச் சொன்னால், மனிதக் குழுவின் யோசனைகளுக்கு ஏறத்தாழ ஒப்பான வேறுபாடு கிடைக்கிறது என 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்னொரு பயனும் உண்டு. நீங்கள் எழுதியது நிரலின் பட்டியலிலும் இருந்தால், அது பிறருக்கும் தோன்றக் கூடியது என்று அறிந்து கொள்ளலாம். அதை அடித்துவிடுவதா வைத்துக் கொள்வதா என்பது உங்கள் விருப்பம்.

ஆசிரியர்கள் இச்சோதனையை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். மாணவரை இரு பாதியாகப் பிரித்து, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு திட்டம் எழுதச் சொல்லுங்கள். ஒரு பாதிக்குத் தாளும் பென்சிலும் மட்டும். மறு பாதிக்குச் செயற்கை அறிவின் துணை. விடைகளைக் கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். எந்தத் திட்டம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எந்தப் பத்தியில் எத்தனை திட்டங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணுங்கள். அப்படியே, செங்கலையும் விசிறியையும் பற்றி நீங்கள் குறித்து வைத்த தாளையும் எடுத்துப் பாருங்கள்; அதில் கோட்டை இருக்கிறதா?