மடங்கி மடங்கி ஏறும் கோடுகள்

அலாஸ்காவில் கோயுகுக் ஆற்று வடகிளையின் மேற்பகுதி. அதன் நிலவரைபடத்தில் சாலை இல்லை, ஊர் இல்லை. பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளும் மயிரிழை நீல ஓடைகளும்தான். கோடுகள் நெருங்கினால் செங்குத்துப் பாறை, விலகினால் சமவெளி. ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு கோடும் நீர் வரும் திசை பார்த்து மடங்குகிறது. அந்த மடிப்புகளை விரலால் தொட்டுக்கொண்டே ஓடை பிறக்கும் மேடு வரை ஏறிவிடலாம். எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

முன்பு இத்தகைய நிலவரைபடங்களை வரைந்தவர்கள், இரட்டை வான்படங்களைக் கருவியில் ஒன்றாக்கி, பார்வையில் மிதக்கும் ஒரு புள்ளியை நிலத்தைவிட்டு எழவிடாமல் மலையைச் சுற்றி நகர்த்தினார்கள். பிறகு பூச்சிட்ட படலத்தில் ஊசியால் மெல்லக் கீறினார்கள். எவ்வளவு நிதானமான கை! கோடையில் வற்றும் சிற்றோடைக்கும் விட்டுவிட்டு ஓடும் ஒரு நீலக் கோடு உண்டு.