டர்போவை ரசிக்க, சூட்டைக் கவனியுங்கள்

அரியலூர் மாவட்டத்தில் டர்போ என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது சுண்ணாம்புக்கல் லாரிதான். சிமென்ட் ஆலைக்குப் பாரத்தோடு போகும் வண்டி மேடு ஏறும்போது, என்ஜின் உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அதுதான் டர்போ. வரதராஜன்பேட்டைத் தெருவில் நிற்கும் பொலிரோவிலும் பழைய ஸ்விஃப்ட் டீசலிலும் அதே சங்கதி உண்டு. புதிதாக டர்போ பெட்ரோல் கார் வாங்கிவிட்டு, அதன் ருசி பிடிபடவில்லையே என்கிறவர்கள், ஒரு நாள் அந்த ஸ்விஃப்ட் டீசலை இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம்.

ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஆளில்லாத நேரமாகப் பாருங்கள். மூன்றாவது கியர், 40 கிலோமீட்டர் வேகம். ஆக்சிலரேட்டரை நிதானமாக அழுத்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஆர்.பி.எம். முள் 2000-ஐத் தொட்டதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் வண்டி பாயும். அந்த 1.3 லிட்டர் என்ஜினின் 190 நியூட்டன் மீட்டர் டார்க் முழுசாக வருவது அங்கேதான். அதற்கு முந்தைய காத்திருப்பைத்தான் லேக் என்கிறார்கள். பலர் திட்டுவார்கள்; எனக்குப் பிடிக்கும். 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டர் பெட்ரோல்தான், ஆனால் 175 நியூட்டன் மீட்டரை 1500-லேயே கொடுத்துவிடும். காத்திருப்பு குறைந்தது, வளைவிலிருந்து வெளியே வரும்போது எந்த இடத்தில் அழுத்தலாம் என்று கணக்குப் போடும் சுகமும் கொஞ்சம் குறைந்தது.

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெப்பமாகப் போய்விடுகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதன் மறுமுனையில் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்றார். காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று லேசானது, அதில் ஆக்சிஜன் குறைவு. அதனால் இடையில் இன்டர்கூலர் வைத்து ஆறவைக்கிறார்கள். அக்னி நட்சத்திர மதியத்தில் மந்தமாகத் தெரியும் அதே கார், மார்கழி விடியலில் வேறு வண்டிபோல் ஓடுவது இதனால்தான். இரண்டு நேரமும் ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். எந்த ஷோரூம்காரரும் சொல்லாத பாடம் அது.

பராமரிப்பும் சூட்டைச் சுற்றித்தான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். பெட்ரோல் காரில், பக்கத்திலேயே 900 டிகிரியை நெருங்கும் புகை. விரட்டி ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருகினால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கியது அங்கேயே கருகும். லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி, ஒரு நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு அணைப்பது சும்மா இல்லை. புதிய கார்கள் சிலவற்றில் என்ஜின் நின்ற பிறகும் கூலன்ட் பம்ப் முனகிக்கொண்டிருக்கும். பழுது என்று பயப்படாதீர்கள். கம்பெனி சொன்ன தரத்து ஆயிலையே ஊற்றுங்கள், சொன்ன கிலோமீட்டருக்கு முன்னதாகவே மாற்றுங்கள். நம் செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். சின்ன டர்போ பெட்ரோல் காரை உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் முழுதாக மிதிப்பது கெட்ட பழக்கம். எரிபொருள் நேரம் தவறி முன்னதாகவே பற்றி பிஸ்டனையே உடைத்துவிடலாம். கியரைக் குறையுங்கள்.

இனி மாற்றங்கள். நம் பையன்கள் முதலில் வாங்குவது ‘புஸ்’ என்று சத்தம் போடும் வால்வு. கோயில் திருவிழாவுக்கு நன்றாயிருக்கும். வண்டி ஒரு நொடிகூட வேகமாகாது. டயரில் தொடங்குங்கள். அடுத்தது பிரேக் பேட், பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிவிட்டால் அது 155-க்கு இறங்கிவிடும். ரேஸ் தடத்தில் மிதி தரையைத் தொடுவது அப்போதுதான். அதன் பிறகு பெரிய இன்டர்கூலர். ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது, கடைசி. பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டுவது மடிக்கணினியில் கொஞ்ச நேர வேலை. கூடுகிற சூட்டைச் சுமப்பது என்ஜின். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. வாரன்டியும் இன்சூரன்ஸும் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தின் ருசியைத் தடத்தில்தான் பார்க்க வேண்டும். ஜெயங்கொண்டம் சாலையில் ஆடு, சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் உண்டு. கோவையில் காரி தடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த 3.7 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. அஜித் குமார் 2010-இல் ஃபார்முலா டூ பந்தயத்தில் ஓட்டியதும் 1.8 லிட்டர் டர்போ என்ஜின் கார்தான். அதற்கெல்லாம் முன்பே, 1977-இல் ரெனோ தன் டர்போ காரை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தபோது, அது அடிக்கடி புகைவிட்டு நின்றதைப் பார்த்து ‘மஞ்சள் டீபாட்’ என்று கேலி செய்தார்கள். இரண்டே வருடத்தில், டிஜோன் தடத்தில், ரெனோவின் டர்போ ஜெயித்தது.

தடத்தில் மூன்று நான்கு சுற்றுக்குள் உங்கள் காரும் களைக்கும். இன்டர்கூலர் சூடேறிப்போக, என்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் களைப்பை உணர்ந்தால் விரட்டாதீர்கள். ஒரு சுற்று மெதுவாக வந்து வெளியேறுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பானெட்டைத் திறந்துவிட்டு, என்ஜின் ஆறியதும் ஆயில் அளவைப் பாருங்கள். டயர் சூட்டில் காற்றைக் குறைத்திருப்பீர்கள். புறப்படுமுன் பழைய அளவுக்குப் பிடித்துவிடுங்கள். ஊருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.