ஒரு சொல்லும் திருமண வரையறையும்

எபேசியர் திருமுகத்தில் (5:32) வரும் ‘மிஸ்டேரியோன்’ என்னும் கிரேக்கச் சொல் மறைபொருளைக் குறிக்கும். இலத்தீன் வுல்காத்தா இதனைச் ‘சாக்ரமெந்தும்’ எனப் பெயர்த்தது. அம்மறைபொருள் கிறிஸ்துவும் திருச்சபையுமே என்றும், இதுகொண்டு திருமணத்தை அருளடையாளமெனல் பொருந்தாதென்றும் லூத்தர் 1520இல் வாதிட்டார். திருமணம் இறைவன் ஏற்படுத்தியது என்பதை மறுத்திலர். அருளடையாளமெனின் அது திருச்சபையின் ஆணைக்குரியது. அன்றெனின் அரசின் வரம்புக்குட்படும். பூசலின் வேர் இதுவே.

1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருமணத்தை ஏழு அருளடையாளங்களுள் ஒன்றென உறுதிசெய்தது. எனினும் பவுல் அதனைக் குறிப்பாக உணர்த்தினார் என்றே கூறி, மரபையும் சான்றாக்கியது. ஆதலின் லூத்தரின் சொல்லாய்வால் வீழ்வது மொழிபெயர்ப்புச் சான்று மட்டுமே. மரபுச் சான்று தனியே ஆராயத்தக்கது.

தமிழில் சீர்திருத்தச் சபை விவிலியத்தின் ‘இரகசியம்’, கத்தோலிக்கப் பழவழக்கின் ‘தேவதிரவிய அனுமானம்’ என இரண்டும் வேறு சொற்கள். இலத்தீனில் ஒரு சொல்லுள் கலந்த வேறுபாடு இங்குத் தெளிவாகப் புலப்படுகின்றது.