எதைப் பேணுவது? எட்மண்ட் பர்க்கும் பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சியின் வருங்காலமும்

பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சியைப் ‘பழமைவாதக் கட்சி’ என்று எழுதுவது தமிழ் இதழ்களின் வழக்கம். அரபு இதழ்களோ அதனை ‘ஹிஸ்புல் முஹாஃபிழீன்’ என்று வழங்குகின்றன. இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. தமிழில் ‘பழமைவாதி’ என்பது ஏறத்தாழ ஏச்சுச் சொல்லாகிவிட்டது. காலத்தோடு நடக்க மறுப்பவர் என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. அரபுச் சொல்லோ ‘ஹிஃப்ழ்’ என்பதன் வேரில் பிறந்தது. காத்தல், பேணுதல், மறவாதிருத்தல் ஆகிய பொருள்கள் அவ்வேருக்கு உண்டு. திருக்குர்ஆனை நெஞ்சில் தாங்கியவரை நாம் ‘ஹாஃபிழ்’ என்று அழைப்பதும் அவ்வேரைக் கொண்டே. ‘முஹாஃபிழ்’ என்னும் வடிவம், ஒரு பொருளை விடாது கருத்தூன்றிக் காத்துவருபவரைக் குறிக்கும். பழமைவாதி என்றால் விவாதம் அத்துடன் முடிந்துவிடுகிறது. முஹாஃபிழ் என்றாலோ உடனே ஒரு வினா எழுகிறது: இவர் காப்பது எதை?

இவ்வினாவுக்கு விடை கூற முடியாத நிலையே அக்கட்சியின் இன்றைய நெருக்கடி என்பது என் கருத்து.

நெருக்கடியின் அளவை எண்களே காட்டும். 2019 திசம்பர் தேர்தலில் 365 இடங்களை வென்ற கட்சி, 2024 சூலைத் தேர்தலில் 121 இடங்களுக்குச் சுருங்கியது. பெற்ற வாக்குகள் 23.7 விழுக்காடு. அதன் நெடிய வரலாற்றில் இத்துணைத் தாழ்வை அது கண்டதில்லை. அதே தேர்தலில், நைஜல் ஃபராஜ் தலைமையில் களம் கண்ட ரிஃபார்ம் யூகே கட்சி 14.3 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. 2025 மே மாதம் நடைபெற்ற இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் அக்கட்சி அறுநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைக் கைப்பற்ற, கன்சர்வேடிவ் கட்சியும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. 2024-இல் நிகழ்ந்த தலைமைப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற ராபர்ட் ஜென்ரிக், 2026 சனவரியில் ரிஃபார்ம் கட்சியிலேயே சேர்ந்துவிட்டார்.

இந்நிலையில் கட்சி செல்ல வேண்டிய திசை பற்றி இரண்டு யோசனைகள் கூறப்படுகின்றன. ரிஃபார்ம் கட்சியின் முழக்கங்களைத் தமதாக்கிக் கொண்டு, இயன்றால் அதனோடு உடன்பாடு காண வேண்டும் என்பது ஒன்று. நடுநிலை வாக்காளர்களை நோக்கித் திரும்ப வேண்டும் என்பது மற்றொன்று. வாக்குகள் எங்கே உள்ளன என்ற கணக்கிலிருந்து பிறந்தவை இவ்விரண்டுமே. வலமா, இடமா என்று கேட்பதற்கு முன், எப்பொருளைச் சுமந்துகொண்டு நடக்கிறோம் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு அக்கட்சியினர் தம் ஆசானென்று போற்றும் எட்மண்ட் பர்க்கை மீண்டும் படிப்பதே நேரிய வழி.

பர்க் (1729–1797) டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர். அவர் இக்கட்சியைச் சேர்ந்தவர் அல்லர், விக் கட்சியினர். அவர் மறைந்து முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1834-இல், ராபர்ட் பீல் வெளியிட்ட டாம்வொர்த் அறிக்கையையே கட்சியின் தொடக்க ஆவணமாக வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். எனினும் கன்சர்வேடிவ் சிந்தனையின் தந்தை என்னும் சிறப்பு பர்க்கிற்கே வழங்கப்பட்டது. அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரான ஜெஸ்ஸி நார்மன் 2013-இல் அவரைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

பிரெஞ்சுப் புரட்சி பற்றி 1790-இல் பர்க் எழுதிய நூலின் மையக் கருத்துகளை இரண்டாகச் சுருக்கலாம். முதலாவது, சமுதாயம் என்பது வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று. இறந்தோர், வாழ்வோர், பிறக்க இருப்போர் ஆகிய மூவரையும் பிணைக்கும் கூட்டுறவு அது. இரண்டாவது, தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியை இழந்த அரசு, தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையும் இழந்துவிடும்.

முதற்கருத்து நம் வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. வக்ஃபு செய்தவர் மறைந்துவிட்டார். பயனடையப் போகிறவர்களுள் பலர் இன்னும் பிறக்கவில்லை. இடையில் நிற்கும் முத்தவல்லி சொத்தின் உடைமையாளர் அல்லர். அவர் அதனை விற்கலாகாது. பாழடைய விட்டுவிடவும் ஆகாது. கூரை ஒழுகினால் செப்பனிட்டே தீர வேண்டும். செப்பனிடுவது வக்ஃபுக்கு மாறுசெய்வதாகாது. செப்பனிடாமல் விடுவதே துரோகம். பர்க் கூறும் ஆட்சியாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இந்நூலைப் போற்றுவோர் பலரும் படிக்காமல் விடும் பகுதி ஒன்றுண்டு. அது நம் மண்ணைச் சார்ந்தது. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி நெடியதோர் உரை நிகழ்த்தினார். சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையில் வாழ்ந்த நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்குக் கடன் கொடுத்ததாகக் கூறிக்கொண்ட பால் பென்ஃபீல்டு முதலான கம்பெனி ஆட்களுக்கு, முறையான விசாரணையின்றிக் கர்நாடகப் பகுதியின் வருவாயிலிருந்தே பணம் வழங்க அரசு துணிந்தது. வட்டியாகப் போகும் பணம் ஆற்காட்டுச் சீமையின் உழவனது வயிற்றிலிருந்து பிடுங்கப்படுவது என்று பர்க் வாதிட்டார். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் இப்பகுதி அடைந்த பாழ்நிலையை விரித்துரைத்த அவர், ஏரி குளங்களைக் கட்டிய முன்னோரின் அறத்தையும் அவற்றைத் தூர்ந்துபோக விட்டவர்களின் பேராசையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1788-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்றவிசாரணையில் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆசியாவில் ஆள்பவன் வைத்ததே சட்டம், ஆகவே தம் கட்சிக்காரர் அவ்வாறு நடந்ததில் தவறில்லை என்பது ஹேஸ்டிங்ஸ் தரப்பின் வாதங்களுள் ஒன்று. பர்க் அதனை அடியோடு மறுத்தார். நிலத்துக்கு நிலம் அறம் மாறுவதில்லை என்றார். இஸ்லாமியச் சட்டம் முடிதரித்தவர் முதல் கடைக்கோடிக் குடிமகன் வரை அனைவரையும் ஒருங்கே கட்டுப்படுத்துவது என்றும், அதனை விளக்கும் சட்ட அறிஞர் மரபு ஒன்று உண்டென்றும் எடுத்துரைத்தார். இலண்டன் நாடாளுமன்றத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் ஷரீஅத்தைக் கொடுங்கோன்மைக்கு எதிரான அரணாக எடுத்துக்காட்டினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார், பர்க் தோற்றார்.

பர்க்கைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. அவருடைய உறவினரென்று கருதப்பட்ட வில்லியம் பர்க், நவாபின் பகைவரான தஞ்சை மன்னருக்கு இலண்டனில் முகவராக இருந்தார். ஆற்காட்டு உரையைப் படிப்போர் இதனை மறந்துவிடலாகாது. 1791-இல் உதுமானியப் பேரரசுக்குத் துணைநிற்பது பற்றிய விவாதத்தில் துருக்கியர்மீது அவர் பொழிந்த கடுஞ்சொற்கள், 1788-இல் அவரே பேசியதற்குப் பொருந்துவன அல்ல. ஆயினும் ஒன்று தெளிவு. தம் முன்னோரின் மரபை மதிப்பவன் பிறருக்கும் முன்னோர் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவன் என்ற முடிவுக்கு அவருடைய சிந்தனை அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. இம்முடிவை விலக்கிவிட்டு 1790-ஆம் ஆண்டு நூலை மட்டும் ஏந்துவோர், பர்க்கின் பாதியைத்தான் ஏந்துகின்றனர்.

கட்சியின் வரலாற்றை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். 1846-இல் தானிய இறக்குமதிச் சட்டங்களை நீக்கிய பீல், தம் கட்சியையே பிளந்தார். அதன்பின் 1874 வரை அதற்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. திருத்தம் என்பது விலையில்லாமல் வருவதன்று. ஆயினும் 1867-இல் நகர்ப்புறத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை அளித்த சட்டமும், 1875-இல் பொதுச் சுகாதாரச் சட்டமும் அக்கட்சியின் ஆட்சியில், டிஸ்ரேலி முன்னின்று நடத்த, நிறைவேறின. நாடு சொத்துடையோருக்கு மட்டுமே உரியதன்று என ஏற்றதனால்தான் அக்கட்சி மக்களாட்சிக் காலத்திலும் உயிர்பிழைத்தது.

1968-இல் ஈனக் பவல் பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கியபோது, கட்சித் தலைவர் எட்வர்டு ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து உடனே நீக்கினார். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஹீத்தின் ஆட்சியில்தான் வந்தது. ஆனால் 1972-இல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களைத் துரத்தியபோது, அவர்களுள் 27,000-க்கும் மேற்பட்டோரை அவர் பிரிட்டனுக்குள் ஏற்றார். அவர்கள் கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தது. கொடுத்த வாக்கு காக்கப்பட வேண்டும் என்பதே அவர் கண்ட நெறி. எல்லையைக் கட்டுப்படுத்துவதும் வாக்கைக் காப்பதும் ஒரே தலைவரிடம் இணைந்திருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2019-இல் போரிஸ் ஜான்சன் அரசு நாடாளுமன்றத்தை முடக்கி வைத்ததை, உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமித்துச் சட்டவிரோதம் என்றனர். அம்மாதமே கட்சி உறுப்பினர்கள் 21 பேர் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர்; சர்ச்சிலின் பேரனும் அவர்களுள் ஒருவர். 2022-இல் லிஸ் டிரஸ், உரிய நிதி மதிப்பீடு இல்லாமலே பெரும் வரிக்குறைப்பை அறிவித்து, ஐம்பது நாள்களுக்குள் பதவியை விட்டு விலகினார். நிறுவனங்களையும் நிதானத்தையும் பேணுவதாகச் சொல்லும் கட்சியின் செயல்கள் இவை!

2024 நவம்பரில் தலைமை ஏற்ற கெமி பேடனாக், 2025 அக்டோபரில் இரண்டு வாக்குறுதிகளை அளித்தார். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து வெளியேறுவது ஒன்று. 2008-ஆம் ஆண்டுத் தட்பவெப்பநிலை மாற்றச் சட்டத்தை நீக்குவது மற்றொன்று. முன்னதை வரைவதில் பெரும்பங்காற்றிய டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் இதே கட்சியின் மூத்த தலைவர். பின்னதன் இலக்கை 2050-க்குள் நிகரச் சுழியம் என 2019-இல் உயர்த்தியது இதே கட்சியின் தெரசா மே அரசு. இவற்றில் குறைகள் இருக்கலாம், திருத்தலாம். பர்க் திருத்தத்தை மறுத்தவர் அல்லர். ஆனால் முன்னோர் ஈட்டியதையும் பிறக்க இருப்போருக்கு உரியதையும் ஒரு தேர்தல் போட்டிக்கு அஞ்சி ஒரே மாதத்தில் கைகழுவ முன்வருவது பேணுதல் ஆகுமா?

எதிர்வாதம் ஒன்றுண்டு; அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று 2010 முதல் தேர்தல்தோறும் சொன்ன கட்சியின் ஆட்சியில், 2023 சூனுடன் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 இலட்சத்தைத் தாண்டியது. தம் தெருவும் ஊரும் கண்முன்னே மாறுவதைக் கண்டு கலங்கும் எளிய மனிதரை இனவெறியர் என்று ஏசுவது நேர்மையாகாது. பொதுப்பற்று என்பது அருகிலுள்ள சிறு வட்டங்களிலிருந்தே வளர்வது என்று கற்பித்தவரும் பர்க்கே. வாக்குத் தவறிய கட்சியை மக்கள் தண்டித்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அச்சிறு வட்டங்களில் யார் யார் இருக்கின்றனர்? 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முஸ்லிம்கள் ஏறத்தாழ 39 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 6.5 விழுக்காடு. குடும்பம், வழிபாடு, சிறுவணிகம், மூத்தோரைப் பேணல் என்று கன்சர்வேடிவ் கட்சி போற்றும் பண்புகளில் எது அவர்களிடம் இல்லை? பிரிட்டனின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் பெண்ணான சயீதா வார்ஸியை 2010-இல் அமர்த்திய பெருமை அக்கட்சிக்கு உண்டு. அதே வார்ஸி 2014-இல் காஸா பற்றிய அரசின் நிலைப்பாட்டை ஏற்காது பதவி விலகினார். 2024-இல் நாடாளுமன்றக் கட்சியிலிருந்தும் வெளியேறினார். கட்சியின் கிளைகளில் முஸ்லிம் எதிர்ப்பு மனப்போக்கு நீடிக்கிறது என்று, கட்சியே அமைத்த சுவரண் சிங் ஆய்வின் அறிக்கை 2021-இல் கூறியது. தம் இயல்பான அண்டைவீட்டாரை அயலாராகக் காணும் கட்சி, பேணுவதற்குரிய மக்களைத் தானே குறைத்துக்கொள்கிறது.

ஆகவே, ரிஃபார்ம் கட்சியோடு கூட்டுச் சேர்வதா என்பது முதல் வினா அன்று. சினத்தை வாக்காக மாற்றும் வேலையை அக்கட்சி இவர்களைவிடத் திறம்படச் செய்யும். நகலை வாங்க மூலத்தை விடுவார் இல்லை. கன்சர்வேடிவ் கட்சியிடம் மட்டுமே இருக்கக்கூடிய சரக்கு வேறு: நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கட்டுப்படுதல், கணக்குப் பார்த்துச் செலவிடல், எல்லையைக் காக்கும்போதே கொடுத்த வாக்கையும் காத்தல், பிறர் மரபிலும் பேணத்தக்கது உண்டென ஏற்றல். இவற்றைக் கொண்டு அடுத்த தேர்தலை வெல்லலாம் என்று நான் கூறவில்லை. பீலுக்குப் பின் அக்கட்சி ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தது. இன்றும் காத்திருக்க நேரலாம். சொத்து கைமாறிப் போன பின்னர் முத்தவல்லிப் பதவி மட்டும் எஞ்சியிருப்பதில் என்ன பயன்?

சேப்பாக்கம் வழியே செல்லும்போதெல்லாம், நம் உழவர்களுக்காக இலண்டனில் வாதாடித் தோற்ற அந்த ஐரிஷ்காரர் என் நினைவுக்கு வருகிறார். அவர் அன்று தோற்றார். அவருடைய வாதம் தோற்கவில்லை. முஹாஃபிழீன் என்று அரபியில் அழைக்கப்படும் கட்சி, அப்பெயருக்கு உரியதாகத் திரும்பி வருமா என்பதை அதன் தலைவர்களே முடிவு செய்ய வேண்டும்.