முதல் அடியைக் காத்த அணி

1970 மார்ச். ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸ் நகரில் கச்சேரி. சம்பளத்தை உயர்த்தாவிட்டால் மேடை ஏற மாட்டோம் என்றார்கள் அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக்காரர்கள். பிரவுன் மசியவில்லை. சின்சினாட்டிக்குத் தன் விமானத்தை அனுப்பி, அங்கிருந்த இளைஞர் குழு ஒன்றை வரவழைத்தார். பேஸ் கிட்டார் வாசித்த பூட்ஸி காலின்ஸுக்கு அப்போது 18 வயது. ரிதம் கிட்டார், அவருடைய அண்ணன் கேட்ஃபிஷ். டாஸ் போடும் நேரத்தில் பாதி அணியை மாற்றிய துணிச்சல் அது. பழைய ஆட்களில் பாடகர் பாபி பேர்டும் டிரம்மர் ஜாபோ ஸ்டார்க்ஸும் கூடவே நின்றார்கள்.

சில வாரங்களில் நாஷ்வில்லில் ‘செக்ஸ் மெஷின்’ பாட்டு பதிவானது. ஃபங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் தொடக்கத்தில் சில அடிகள் ஒலித்துவிட்டுப் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றன. மிச்சப் பாட்டு பெரும்பாலும் ரிதம் பிரிவின் தோளில். நான்கு எண்ணிக்கையில் முதல் அடிக்குத்தான் முழு எடை. அங்கே எல்லோரும் சேர்ந்து இறங்க வேண்டும், பிறகு அவரவர் சுதந்திரம். அந்த ஒழுங்கைப் பிரவுனிடம் கற்றதாகப் பூட்ஸி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்ஃபிஷ் பெரும்பாலும் ஒரே கார்டைச் சுரண்டிச் சுரண்டி வாசிக்கிறார். பூட்ஸியின் பேஸ் அந்த இடைவெளிகளில் புகுந்து ஓடுகிறது. பாடிக்கொண்டே, பிரிட்ஜுக்கு, அதாவது பாட்டின் மாற்றுப் பகுதிக்கு, போகலாமா என்று பேர்டிடம் பிரவுன் கேட்கிறார். குழு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது பதிவிலேயே தெரிகிறது.

அதே பெயரில் அதே ஆண்டு வந்த இரட்டை ஆல்பம் எனக்கு அவ்வளவு திருப்தி தரவில்லை. அதில் ஒரு பகுதி ஸ்டூடியோவில் வாசித்தது; அதன் மேல் ரசிகர்களின் ஆரவாரத்தை ஒட்டி, மேடைப் பதிவு போல விற்றார்கள். அந்த வாசிப்புக்கு இரவல் கைதட்டல் எதற்கு?

நம் ஊரில் இளையராஜாவின் 80களின் பாட்டுகள் பலவும், ‘செக்ஸ் மெஷின்’ போலவே, எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவானவையே. பேஸ் கிட்டாருக்கும் அவர் தனியாக நோட்டேஷன் எழுதிக் கொடுப்பார்; பேஸ் கலைஞர் சசிதரனின் விரலில் அது உயிர் பெறும்.

இன்று கொல்லிமலையின் திண்ணனூர் நாடு ஊராட்சியில் இருக்கும் ஒரு பிள்ளைகூட லேப்டாப்பில் ஆல்பம் செய்துவிடலாம். ஆளுக்கொரு வீட்டில் வாசித்து, ஃபைலாக அனுப்பி, வெட்டி ஒட்டலாம். மற்ற வகை இசைக்கு அது போதும். ஃபங்க் மட்டும் அதில் செத்துப்போகிறது. டிரம்மர் ஒரு மயிரிழை பின்வாங்கினால் பேஸ் வாசிப்பவரும் கூடவே பின்வாங்க வேண்டும். அதற்கு இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். மலையிறங்கி ஒரே ஒரு நாள் ஸ்டூடியோ எடுக்கத்தான் காசு இருக்கிறதென்றால், அந்த நாளை டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுங்கள். பாடுபவரின் குரலை ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டிலேயே பதிந்துகொள்ளலாம்.