கருவியும் இசைவும்: இலங்கையிலும் இந்தியாவிலும் புகைப்பட ஆர்வலர்

புகைப்படத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல், வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ கணினி நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தையும் மிஞ்சிய பணத்தையும் கேமராவுக்குக் கொடுப்பவர்களே இக்கட்டுரையில் புகைப்பட ஆர்வலர் எனப்படுகின்றனர். இவர்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் ஏறத்தாழ ஒரே கருவிகளை, அதாவது பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனங்களின் கேமராக்களையும் லென்ஸ்களையும், பயன்படுத்துகின்றனர். ஒரே பருவமழையிலும் உப்புக்காற்றிலும் அவற்றைக் காப்பாற்றப் பாடுபடுகின்றனர். கூடும்போது பேசுவதும் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். ஆயினும் எடுக்கப்படும் படங்கள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை இரு நாட்டாரின் அழகுணர்ச்சியில் தேடுவது எளிது. ஆனால் கருவி எந்த வழியாகக் கைக்கு வந்தது, அதை எங்கெங்கே உயர்த்த இசைவு கிடைத்தது என்ற இரண்டு கேள்விகள் அதைவிடக் கூடுதலாக விளக்குகின்றன.

கருவி கைக்கு வருவதில் உள்ள சிக்கல் புகைப்படத்தின் தொடக்க காலத்திலேயே இலங்கையில் தலைகாட்டியது. 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், நாற்பத்தெட்டாம் வயதில் மகள் பரிசளித்த கேமராவைக் கொண்டு இங்கிலாந்தில் தாமாகவே படமெடுக்கக் கற்று, பெரும்புகழ் பெற்றவர். குடும்பத்துக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு அவர் 1875இல் கணவருடன் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் கையாண்டது ஈரத்தகட்டு முறை, அதாவது கண்ணாடித் தகட்டில் ரசாயனக் கரைசலைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அப்போதே கழுவியும் முடிக்க வேண்டிய முறை. இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் படமெடுத்த அவர் இலங்கையில் எடுத்தவற்றுள், தோட்டத் தொழிலாளரும் உள்ளூர் மக்களும் இடம்பெறும் மிகச் சில படங்களே எஞ்சியுள்ளன. ரசாயனங்களும் தூய நீரும் கிடைப்பதில் இருந்த இடர்ப்பாடு இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இந்தியாவில் புகைப்படச் சங்கங்கள் முன்னதாகவே தோன்றின. பம்பாயில் 1854இலும், அதையடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கல்கத்தாவிலும் சென்னையிலும் அமைந்த சங்கங்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் மருத்துவர்களும் இந்தியச் செல்வந்தர் சிலரும் கூடித் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். சென்னையில் இதற்கு முன்னின்றவர், ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். இலங்கையில் இக்கலைக்குத் தனி முகம் கொடுத்தவர் என்று லயனல் வென்ட்டை (1900–1944) சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்கும் பியானோ கலைஞருக்கும் உரிய பயிற்சியை லண்டனில் பெற்றுத் திரும்பிய அவர், 1930களில் உருவான இலங்கைப் புகைப்படச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். லைக்கா, ரோலைஃபிளெக்ஸ் ஆகிய விலையுயர்ந்த ஜெர்மானியக் கேமராக்களைக் கையாண்டார். படத்தாளைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே சிறிது வெளிச்சம் காட்டி, கருமையும் வெண்மையும் பகுதியளவில் தலைகீழாகும்படி செய்யும் சோலரைசேஷன் போன்ற இருட்டறை உத்திகளை அவர் மீனவர், நடனக்காரர், இளைஞர் ஆகியோரின் படங்களில் பயன்படுத்தினார். வசதியும் கல்வியும் கொழும்பு நகரும் ஒன்றுகூடிய இந்த மாதிரி, இலங்கை ஆர்வலர்களின் மனத்தில் நெடுங்காலம் அளவுகோலாக நின்றது.

அதற்கு நேர்மாறான மாதிரியைத் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணனிடம் (1912–1996) காணலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் காட்டுயிர்களைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் வாழ்ந்தவர். கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்து நின்றவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு கருவியைப் பொருத்தி, அதன் எடையைக் கேலி செய்வதுபோல் அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். இது தனிமனித விசித்திரம் மட்டுமன்று. அயல்நாட்டுப் பொருள்களுக்குக் கதவடைத்திருந்த இந்தியாவில், இருப்பதை இணைத்தும் பழுதுபார்த்தும் பயன்படுத்துவதே அன்றைய ஆர்வலருக்கு இருந்த பெரும்பாதையாகும்.

அக்கதவடைப்பு உள்நாட்டு உற்பத்திக்கும் வழிவகுத்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ‘இந்து’ என்ற வணிகப் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் படத்தாளும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. ஆலப்புழையில் தேக்கு மரத்தாலும் பித்தளையாலும் ஆன வாகீஸ்வரி கேமரா செய்யப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்ததோ இந்தியாவில் விற்கப்பட்ட அக்ஃபா கிளிக் 3. சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் மட்டுமே விழும் அக்கேமராவின் பின்புறத்தில் ஒரு சிவப்புச் சன்னல் இருக்கும். அதில் அடுத்த எண் தெரியும்வரை சுருளைத் திருகி நிறுத்த வேண்டும், திருக மறந்தால் ஒரே சட்டத்தில் தாத்தாவின் மேல் கோயில் கோபுரம் பதிந்துவிடும். மேலான கருவி வேண்டியவர்கள் சிங்கப்பூரிலிருந்து வருவோரையோ, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரையோ நம்பியிருந்தனர். 1991இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின் இந்நிலை மாறியது. இன்று தவணையில் வாங்குவது, பழைய கேமரா உடலைக் கொடுத்துப் புதியதை எடுப்பது, நீண்ட லென்ஸை நாள் வாடகைக்கு எடுப்பது ஆகிய மூன்றும் சென்னை, கோவை ஆர்வலரின் பேச்சில் தவறாமல் இடம்பெறுகின்றன. கேமராவுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 சனவரி முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது இப்பேச்சுக்கு மேலும் ஊக்கம் தந்தது. வாரநாள்களில் மென்பொருளும் முகூர்த்த நாள்களில் கல்யாண ஆர்டருமாக இருப்போர் பெருகியதற்குத் தவணைமுறையே காரணம்: லென்ஸின் தவணையை லென்ஸே கட்டியாக வேண்டும். ஆர்வலர் என்ற சொல்லின் எல்லை இந்தியாவில் இதனால் நெகிழ்ந்துபோயிருக்கிறது.

இலங்கை பிலிமை உற்பத்தி செய்த நாடன்று. ஆனால் அதன் சந்தை இந்தியாவுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாக, 1977இலேயே திறந்தது; இந்தியர்கள் ஜப்பானியக் கேமராவுக்காக உறவினரின் பயணத்தை எதிர்பார்த்திருந்த காலத்தில் அது கொழும்புக் கடைகளில் வெளிப்படையாகவே விற்பனைக்கு இருந்தது. இம்முந்துரிமை தீவு முழுமைக்கும் பயன்படாமற்போனது போரினால். 1983க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் கேமராவுடன் தெருவில் நடப்பதே கேள்விக்குரிய செயலாயிற்று. 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை, உலர் மின்கலங்கள் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. பெரும்பாலான ஒளிமானிகளும் பிளாஷும் மின்கலமின்றி இயங்கா. படத்தைப் பெரிதாக்கும் இருட்டறைக் கருவி மின்சாரமின்றி இயங்காது. 1995இல் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது, எடுத்து வைத்திருந்த ஆல்பங்களையும் பலர் வீடுகளில் விட்டுவிட்டே செல்ல நேர்ந்தது. கொழும்பில் வென்ட்டின் மரபு தொடர்ந்த அதே காலத்தில் வடக்கில் ஒரு தலைமுறையின் படக்கலையே தடைப்பட்டது என்பதை, இலங்கைப் புகைப்படக்கலை பற்றிய பெருமிதமான வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடி இரண்டாவது அடி. டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய் சில மாதங்களிலேயே 360ஐ எட்டியதால், 1,000 டாலர் விலையுள்ள ஒரு லென்ஸ் இரண்டு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேலாயிற்று. அதற்குமேல் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இருந்தன. எனவே இலங்கை ஆர்வலரின் கருவிப் பேச்சு புதிய மாடலைவிடப் பழைய உடலைச் சுற்றியே நிகழ்கிறது: ஷட்டர் எத்தனை ஆயிரம் முறை இயங்கியிருக்கிறது, லென்ஸுக்குள் பூஞ்சை உண்டா, டொரண்டோவிலோ துபாயிலோ இருக்கும் மச்சான் அடுத்த முறை வரும்போது பையில் ஒன்றைக் கொண்டுவருவாரா என்பனவே அதன் வினாக்கள்.

இரு நாட்டு ஆர்வலரும் ஒரே களத்தில் போட்டியிடும் இடம் சலோன் ஆகும். பன்னாட்டு நடுவர்கள் புள்ளியிட்டுத் தேர்ந்தெடுக்கும் கண்காட்சிப் போட்டியே சலோன். அதில் ஏற்கப்பட்ட படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு எஃப்.ஐ.ஏ.பி. என்ற உலகக் கூட்டமைப்பு பட்டங்களை வழங்குகிறது. 1953இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவான பின் இப்பட்ட வேட்கை இந்தியச் சிற்றூர்ச் சங்கங்கள்வரை பரவியது. புகைக்குள் விழும் ஒளிக்கற்றை, சுருக்கம் விழுந்த முதியவரின் முகம், விடியலில் வலை வீசும் படகோட்டி என்று ஒரே சில காட்சிகள் கொழும்பிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஒருசேர வந்து குவிவது சலோன்களின் விளைவே; எங்கே எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாத படமே அங்கே அதிகம் வெல்கிறது.

திருவிழாப் படங்களில் இடம் தன் வேலையைக் காட்டிவிடுகிறது. கண்டி எசல பெரஹரா இரவில் யானைகளுடன் தெருவழியே செல்லும் ஊர்வலம். அதற்கு வெளிச்சம் தருபவை கொப்பரை எரியும் தீவட்டிகள். பாதையின் இருபுறமும் நாற்காலிகள் விலைக்கு விடப்படுவதால், ஆர்வலர் மாலையிலேயே ஓரிடத்தில் அமர்ந்து, இரவு முடியும்வரை அசையாதிருக்க நேர்கிறது. யானை அவரிடம் வரும். அவர் யானையிடம் போக முடியாது. ஆகவே 70–200 மில்லிமீட்டர் போன்ற, தொலைவை அருகாக்கும் லென்ஸும், கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை எவ்வளவு உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் தெறிக்கும் என்ற கணக்குமே அவரது கவலைகள். தூத்துக்குடி மாவட்டத்தில் குலசை எனப்படும் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவின்போது நிலைமை வேறு. காளியாகவும் குறவராகவும் குரங்காகவும் காவலராகவும் வேடமிட்ட பக்தர்கள் பத்து நாள் ஊர் ஊராகத் திரிந்து, கடைசி இரவு கடற்கரைச் சூரசம்காரத்துக்குக் கூடுகின்றனர். படமெடுப்பவர் அக்கூட்டத்துக்குள்ளேயே தள்ளுண்டு போகிறார். அங்கே 24 அல்லது 35 மில்லிமீட்டர் அகல லென்ஸ்தான் செல்லும், கைநீட்டும் தூரத்தில் காளியின் நாக்கு இருக்கும். ஆகவே கண்டிப் படங்களில் வரிசையும் இடைவெளியும், குலசைப் படங்களில் நெரிசலும் வியர்வையும் தெரிவதில் வியப்பில்லை.

காட்டுயிர்ப் படக்கலை இலங்கை ஆர்வலரிடம் பெற்றிருக்கும் முதன்மைக்கும் இத்தகைய விளக்கமே பொருந்துகிறது. யாலவில் சிறுத்தையும், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மின்னேரியாக் குளத்தில் நூற்றுக்கணக்கான யானைகளும் கொழும்பிலிருந்து ஒரு வார இறுதிக்குள் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. வில்பத்து போர்க்காலத்தின் பெரும்பகுதியில் மூடிக்கிடந்தது. ஆயினும் தெற்குக் காடுகளில் கேமராவைத் தூக்குபவரை யாரும் சந்தேகிக்கவில்லை. நகரத் தெருவைப் படமெடுக்கும் பழக்கம் இந்தியாவில் ஞாயிறு காலைக் கூட்டு நடைகளாக, சென்னைக் காசிமேட்டிலும் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவிலும் பெருகிய அளவு இலங்கையில் பெருகாததற்கு, சோதனைச்சாவடிக் காலம் விட்டுச்சென்ற தயக்கமும் ஒரு காரணமாகலாம்.

இந்தியாவிலும் இசைவு தாராளமானதன்று. தொல்லியல் துறை 2018இல் பெரும்பாலான நினைவுச்சின்னங்களில் படமெடுப்பதை அனுமதித்தது, ஆனால் முக்காலிக்குத் தனி இசைவு வேண்டும். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்ய 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள்ளும் படமெடுக்க இடமில்லை. இருபத்தைந்து நாள் திருவிழாவின் தேரைத் தெருவில் எடுத்துக்கொள்ளலாம். ஆளில்லாச் சிறுவிமானமான டிரோனை இலங்கை 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளையடுத்துச் சிறிது காலம் முற்றாகத் தடைசெய்தது. இந்தியாவோ 2021இன் விதிகளில் 250 கிராமுக்கு உட்பட்டவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றது, மறு ஆண்டே அயல்நாட்டு டிரோன் இறக்குமதியைத் தடைசெய்தது.

பராமரிப்பில் மட்டும் பாக்கு நீரிணை எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. காற்றின் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டைத் தாண்டி நெடுநாள் நின்றால் லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்திநூல் போன்ற பூஞ்சை படரும். சென்னையிலும் காலியிலும் இதுவே ஆண்டு முழுவதற்குமான பயம். ஈரம் நீக்கும் அலமாரி வாங்க இயலாதவர் காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளை இட்டு லென்ஸை வைக்கின்றனர். நீல மணிகள் ஈரம் குடித்து வெளிறிய இளஞ்சிவப்பானதும், சமையலுக்குப் புழங்காத பழைய வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி நீலமாக்குகின்றனர்.

எடுக்கப்படுபவருக்குப் பணம் கொடுப்பதில்தான் கடைசி வேறுபாடு உள்ளது. இலங்கையின் கொக்கலைக் கடலில் கம்பத்தின் மேல் அமர்ந்து தூண்டிலிடும் மீன்பிடி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பரவிய முறை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அது நலிந்து, இன்று கம்பத்தில் இருப்போரில் பலர் மீனுக்காக அன்றிப் படத்துக்காகவே அமர்ந்து கட்டணம் கேட்கின்றனர். கட்டணம் தராமல் நீண்ட லென்ஸால் எடுப்பதைச் சில ஆர்வலர் திறமையாகவே பேசிக்கொள்கின்றனர். அது உழைப்பைத் திருடுவதற்கு ஒப்பானது. குலசையில் வேடக்காரரின் கையிலுள்ள உண்டியலில் விழும் காசு நேர்த்திக்கடனின் பகுதியாகக் கோயிலுக்குச் செல்ல வேண்டியது, ஆகவே படமெடுத்தவர் இடும் பத்து ரூபாயும் கூலியாகாமல் காணிக்கையாகவே கொள்ளப்படுகிறது. கொக்கலையில் பேரம் பேசிய பின்னரே கேமரா உயர்கிறது. குலசையில் படமெடுத்த பின் உண்டியல் தானாகவே நீள்கிறது.